மேகம் என்று எழுதிய ஏழு இரவுகள்

மூன்றாவது ஸ்லைடு. இன்னும் முப்பத்தெட்டு இருக்கிறது. ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும் முப்பத்தெட்டு நிமிஷம், அப்புறம் கேள்விகள், அப்புறம் லூர்து மேரி எழுந்து நின்று மேஜைமேல் இருக்கிற அந்தக் காகிதத்தைப் படித்தாக வேண்டும். படித்தால் எழிலரசன் டாக்டர் எழிலரசன். படிக்காவிட்டால்? அந்த இடத்துக்கு நாலு நாளாக மனசால் போய்ப் போய்ப் பார்க்கிறாள், போகும்போதெல்லாம் பாதியிலேயே திரும்பி வந்துவிடுகிறாள். காகிதம் நேற்றே தயார். எல்லா வைவாவிலும் அப்படித்தான், மாணவன் வாயைத் திறப்பதற்கு முந்தின நாளே அவன் எல்லாக் கேள்விக்கும் திருப்தியாகப் பதில் சொல்லிவிட்டான் என்று கைடு அடித்து வைத்துக்கொள்வது வழக்கம், முடிந்த நேரத்துக்கு மட்டும் ஒரு கோடு போட்டு இடம் விட்டிருக்கும். இதுவரை பதினோரு பேருக்கு அவள் அப்படிப் படித்திருக்கிறாள், ஒரு தரமும் குரல் தடுமாறியதில்லை. இன்றைக்குக் காகிதத்தின் மூலை மின்விசிறிக் காற்றில் தூக்கித் தூக்கி அடிக்கிறது. தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன்மேல் வைத்தாள், பாட்டிலின் ஈரம் பட்டு எழுத்து ஊறியது, எடுத்துவிட்டாள், மறுபடி படபடத்தது, கையை வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஐதராபாத்திலிருந்து வந்திருக்கிற தேர்வாளர் சுதர்சன ராவ் ஆய்வேட்டைப் புரட்டிப் பென்சிலால் எதையோ குறித்துக்கொண்டிருந்தார், எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்க்க வேண்டும்போலவும் பார்க்கக் கூடாதுபோலவும் இருந்தது. எதிரே முதல் வரிசையில் எழிலின் அப்பா, குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவர், மடித்த கைக்குட்டையை முழங்கால்மேல் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் அவன் அம்மா. இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் மகன் எப்போது நிறுத்துகிறானோ அப்போதெல்லாம் தலையாட்டினாள். அவள் காலடியில் நாலு அட்டைப்பெட்டி, வைவா முடிந்ததும் எல்லாருக்கும் கொடுக்க மைசூர்பாகு, நெய் வாசனை மேடை வரைக்கும் வந்தது. அவளுக்கு அடுத்த நாற்காலியில் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் எழுபத்தெட்டு வயசு திம்மராயன். லூர்து அந்தப் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

நாலாவது ஸ்லைடில் நட்சத்திரம் வந்தது. என்ன பெரிய நட்சத்திரம், ஒரு புள்ளி, முப்பத்தோரு நாளைக்கு ஒரு தரம் மங்கித் திரும்பப் பிரகாசிக்கிற புள்ளி. இரண்டு நட்சத்திரம் ஒன்றையொன்று சுற்றுகிறது, ஒன்று மற்றதை மறைக்கும்போது மங்கல், அவ்வளவுதான் விஷயம். மலைமேல் ஆய்வகத்தில் திம்மராயன் அதற்குச் சிமிட்டி என்று பேர் வைத்திருந்தார். பதினாலு வருஷம், மழையும் லீவும் போக ஒரு ராத்திரி விடாமல், இருட்டியதிலிருந்து விடிகிற வரை தொலைநோக்கியடியில் உட்கார்ந்து, நட்சத்திரத்துக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் வரி வரியாக எழுதியவர் அவர்தான். தேதி, மணி, வெளிச்சம், வானம் எப்படி இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் அச்சுக் கோத்ததுபோல இருக்கும். லூர்து அந்த மலைக்கு முதலில் போனபோது அவளுக்கு இருபத்தைந்து வயசு, கையில் புள்ளியியல் பட்டம், வானத்தில் எது கிழக்கு என்று கேட்டால் முழிப்பாள். இயற்பியல் படித்தவர்கள் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள், எண்ணிச் சொல்ல ஒரு பொண்ணு வந்திருக்கு என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். எண்ணித்தான் சொன்னாள். அவர்கள் கண்ணால் பார்த்து இருக்கு இல்லை என்று சண்டை போட்டதையெல்லாம் இவள், இருப்பதற்கு இவ்வளவு வாய்ப்பு, வெறும் தற்செயலுக்கு இவ்வளவு வாய்ப்பு என்று ஓர் எண்ணாக ஆக்கிக் கையில் கொடுத்தாள், சண்டை ஓய்ந்தது. பத்து வருஷத்தில் அவளைக் கேட்காமல் மலையிலிருந்து ஒரு கட்டுரை கீழே இறங்காது என்று ஆயிற்று. அப்புறம் சிமிட்டி. திம்மராயன் நோட்டை ஏற்றிக் கணக்குப் போட்டால் மங்கல்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்தன. சில வருஷம் சரியாகக் குறித்த நாளில், சில வருஷம் கிட்டத்தட்ட ஒரு நாள் முந்தி. நாலு வருஷத்துக்கொரு தரம் அப்படி மாறி மாறி. படம் போட்டுப் பார்த்தால் ஒட்டகத் திமில் மாதிரி இரண்டு மேடு. யாரோ இழுக்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று நாலு வருஷத்துக்கொரு சுற்று சுற்றிக்கொண்டு அந்த இரண்டையும் இழுக்கிறது என்று லூர்து சொன்னாள், தற்செயலுக்கு வாய்ப்பு கோடியில் ஒன்றுகூட இல்லை என்றாள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஒரு கட்டுரையில் பேராசிரியரானாள், அதில் போட்ட சோதனைக்கு அவள் பேரையே வைத்தார்கள். ஐந்தாவது ஸ்லைடில் எழில் அந்தப் பேரைச் சொன்னான், சொல்லிவிட்டு மேடைப் பக்கம் திரும்பி லேசாகத் தலை வணங்கினான், அவள் காகிதத்தின் பக்கம் குனிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம். வைவாவுக்கு நீங்களும் வரணும் அண்ணா, உங்களுக்குத்தான் அவன் ஆய்வேட்டைக் காணிக்கை ஆக்கியிருக்கான் என்று சொல்லப் போன் போட்டாள். திம்மராயனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் அவருக்குச் சொல்ல வேறு செய்தி இருந்தது. பேத்தி பிறந்திருக்கிறாளாம். "புதன்கிழமை ராத்திரி மூணு மணிக்கும்மா. ஆஸ்பத்திரில வியாழன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. படிச்சவங்களே இப்படித் தப்புப் பண்ணா என்ன செய்யறது?" அவளும் சிரித்தாள், வாழ்த்துச் சொன்னாள், வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு வாங்க என்று கேலிகூடப் பண்ணினாள், போனை வைத்தாள். வெண்டைக்காய் நறுக்கினாள். பாதிக் காய் நறுக்கியிருப்பாள், கத்தி நின்றது. ராத்திரி மூணு மணி. புதன். வியாழன் இல்லை. விடியவில்லை, அதனால் வியாழன் இல்லை. அவருக்கு நாள் பொழுது விடிந்தால்தான் மாறும். எல்லாருக்குமே, அந்த ஊரில், இந்த ஊரில், நேற்று ராத்திரி ஒரு மணிக்கு என்று சொல்கிறோமே, அந்த ஒரு மணி இன்றைக்கு இல்லையா? அப்படியென்றால் நோட்டில். அதற்குமேல் அவள் நினைக்கவில்லை, நினைக்கப் பயம், கையைக் கழுவினாள், சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள், கொழகொழப்புப் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு கணினியில் ஒரே ஒரு வரி மாற்றினாள். நள்ளிரவு தாண்டி எழுதியதற்கெல்லாம் ஒரு நாள் கூட்டு. நாலு விநாடி ஓடியது. இரண்டு மேடு ஒரு மேடாகிவிட்டது. சுத்தமான, அழகான, ஒரே மேடு. முப்பத்தோரு நாளும் அரை மணியும், அதற்கு ஒரு நிமிஷம்கூடத் தப்பாத நட்சத்திரம். அந்த அரை மணி கூடிக் கூடி, மங்கல் ஒரு வருஷம் முன்னிரவில் வரும், அடுத்த வருஷம் பின்னிரவுக்குப் போகும், அப்புறம் பகலுக்குள் ஒளிந்துகொள்ளும், நாலு வருஷம் கழித்து மறுபடி முன்னிரவு. முன்னிரவில் எழுதிய தேதி சரி. பின்னிரவில் எழுதியது அவள் கணக்கில் ஒரு நாள் முந்தி. இழுப்பவர் யாருமில்லை. மூன்றாவது ஒன்று இல்லவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள், அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினாலாவது ஸ்லைடு. இவளுக்கு, இவளுக்குப் போய்த் தெரியாமல் போயிற்றே, அதுதான் கொடுமை. அப்பா ஸ்டேஷன் மாஸ்டர், விருத்தாசலம் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன், குவார்ட்டர்ஸ் பிளாட்பாரத்தை ஒட்டி. ராத்திரி பன்னிரண்டு இருபதுக்கு ஒரு வண்டி உண்டு. மாசத்துக்கு ஒரு குடும்பமாவது பதினைந்தாம் தேதி டிக்கெட்டை வைத்துக்கொண்டு பதினைந்தாம் தேதி சாப்பிட்டுவிட்டு, பெட்டி படுக்கையோடு பதினொன்றரைக்கு வந்து நிற்கும். வண்டி முந்தின ராத்திரியே போயிருக்கும். அப்பா டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார், பன்னிரண்டு அடிச்சா நாள் மாறிடும்மா, உங்க வண்டி நேத்தே போயிடுச்சு என்பார். அவர்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், பதினைந்துதானே போட்டிருக்கு, இன்னைக்குப் பதினைந்துதானே என்று டிக்கெட்டை நீட்டிக்கொண்டே நிற்பார்கள். ஒரு தரம் ஒரு கல்யாணப் பெண், கையில் மருதாணி, விடிந்தால் மதுரையில் முகூர்த்தம், அப்படியே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதது, அம்மா எழுந்து போய்க் காப்பி போட்டுக் கொடுத்தாள். ஏழு வயசு லூர்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இவ்வளவு பெரியவங்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, அவர்களும் சரியாகத்தான் எண்ணுகிறார்கள், வேறு மாதிரி எண்ணுகிறார்கள் என்று அந்தத் தலையில் ஏறவில்லை. எப்படி ஏறும், அவள் வீட்டில் கிறிஸ்துமஸே பன்னிரண்டு மணிக்குத்தான் பிறக்கும், கோயில் மணி அடித்ததும் குழந்தை இயேசுவைத் தூக்கிக் குடிலில் வைப்பார்கள், அந்த நிமிஷத்தில் நேற்று முடிந்துவிடும், புதுச்சட்டை சரசரக்க எல்லாரும் அதைக் கண்ணாலேயே பார்ப்பார்கள். திம்மராயனுக்குக் கோழி கூவ வேண்டும். வருஷக்கணக்காக மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து டீ குடித்தார்கள், மலையில் எந்தச் சரிவில் கரடி வரும் என்பதிலிருந்து பேசாத பேச்சில்லை, இதை மட்டும் அவள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

அதோடு போயிருந்தால்கூட அவளுக்கு இப்படி வேர்த்திருக்காது. தெரியாமல் செய்தது, யாரும் செய்யக்கூடியது என்று ஒரு சமாதானம் இருந்திருக்கும். ஏழு ராத்திரி இருக்கிறதே. திம்மராயன் லீவில் போனபோது அவர் இடத்தில் யாராவது தற்காலிகமாக உட்காருவார்கள், கல்லூரியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், பன்னிரண்டு தாண்டினால் தேதியை மாற்றி எழுதுகிற பிள்ளைகள். பதினாலு வருஷத்தில் பின்னிரவு மங்கல் ஏழு அவர்கள் கையில் சிக்கியிருக்கிறது. அந்த ஏழும் முந்தி வரவில்லை. குறித்த நாளில் கச்சிதமாக வந்து உட்கார்ந்திருந்தன, முந்தி வர வேண்டிய வருஷங்களுக்கு நடுவே முள் மாதிரி. அவளுக்கு இன்றும் நினைவிருக்கிறது, கட்டுரை அனுப்பக் கடைசி நாள், சாயங்காலம் ஐந்தரை, கணவர் சகாயராஜ் கீழே ஸ்கூட்டரில் ஹார்ன் அடிக்கிறார், மாதா கோயில் திருவிழாவுக்கு நேரமாகிவிட்டது. அந்த ஏழு நாளும் வானம் சரியாக இருந்ததா என்று நோட்டை எடுத்துப் பார்த்திருக்கலாம். அலமாரி ஐந்தடி தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. 'மேகமூட்டம் காரணமாக ஏழு இரவுகள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி எழுதினாள். மேகமாகத்தான் இருக்கும் என்று அப்போது அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது, அதுதான் உண்மை, பொய் சொல்கிறோம் என்று ஒரு பொட்டுகூடத் தோன்றவில்லை. திங்கட்கிழமை அலமாரியைத் திறந்து பார்த்தாள். ஏழு வரிக்கும் எதிரே, வெவ்வேறு கையெழுத்தில், வானம் தெளிவு, வானம் தெளிவு, வானம் தெளிவு. நாற்பத்தொரு நோட்டையும் செவ்வாய்க்கிழமை ஒரு சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு, தோட்டக்காரர் சருகு எரிக்கிற இடம்வரை போனாள், ஐம்பத்தொன்பது வயசில், பட்டப்பகலில், திருடி மாதிரி. சருகு புகைந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர், என்ன மேடம் பழைய பேப்பரா, நான் போடறேன் குடுங்க என்று கையை நீட்டினார். இல்லை இல்லை என்று சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தாள். அன்று மத்தியானமே எழில் மைசூர்பாகில் ஒரு துண்டைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தான், அம்மா கேட்கச் சொன்னாங்க மேடம், இது போதுமா, இல்ல அல்வா போடணுமா என்று. அவனை உட்காரச் சொன்னாள். எழில், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் என்றுகூடச் சொன்னாள். அவன் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, ஆறு வருஷமாக அவள் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்கிற பார்வை, சட்டைப்பையிலிருந்து பேனாவைக்கூட எடுத்துவிட்டான். மைசூர்பாகே போதும் என்றாள்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று. இந்தப் பிள்ளை ஆறு வருஷமாக என்ன செய்தான் தெரியுமா? இல்லாத ஒன்று ஏன் தென்படவில்லை என்று கண்டுபிடித்தான். விண்ணில் சுற்றுகிற தொலைநோக்கி ஒன்று நாலு வருஷம் சிமிட்டியைப் பார்த்தது, அது மனுஷன் கையால் தேதி எழுதாது, மங்கல் எல்லாம் நேரம் தவறாமல் வந்தது, இரண்டாவது மேட்டைக் காணோம். அன்றைக்கே அவள் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லையே, மூன்றாவதன் பாதை சாய்ந்திருக்கும், இழுப்பு தற்காலிகமாக மறைந்திருக்கும், எவ்வளவு சாய்வு என்று பார் என்று இவனிடம் கொடுத்தாள். பார்த்தான். பண்டிகைக்கு ஊருக்குப் போகாமல், இரண்டு தரம் டைபாய்டு வந்து, விடாமல் பார்த்து, சாய்வைக் கண்டுபிடித்தான், தன் பங்குக்கு ஒரு கணக்கு முறையும் கண்டுபிடித்தான், அந்த முறை உண்மையிலேயே நல்ல முறை, அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. ஜெர்மனியில் அவனுக்கு வேலை காத்திருக்கிறது, அடுத்த மாசம் சேர வேண்டும், அதற்கு இந்தக் காகிதம் வேண்டும். சும்மா இருந்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியும்? நோட்டு அவள் அலமாரியில், சாவி அவள் பையில். மே மாசம் அவள் ஓய்வு பெறுகிறாள். திம்மராயனுக்கு எழுபத்தெட்டு. இன்னும் நாலைந்து வருஷத்தில் கேட்பதற்கு ஆளே இருக்காது, சொல்வதற்கும். கர்த்தரே, இப்படியெல்லாம் கூடவா நினைக்கிறேன், அந்த மனுஷர் எப்போது போவார் என்றா? சகாயராஜ் இறந்தபோது, தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஆறுதல் சொல்ல வந்தவர்களிடம் இவள்தான் பேசினாள், கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இல்லை என்று ஆகிவிடாது, நான் ஒரு நட்சத்திரத்தில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறேன், தெரியாமல் இருந்துகொண்டே அது இழுக்கும் என்று. பெண்களெல்லாம் அழுதார்கள். பதினோரு வருஷமாகக் காலியாகக் கிடக்கிற அந்தப் பக்கத்துத் தலையணையை அவள் தாங்கிக்கொண்டதே அந்தக் கணக்கின் பலத்தில்தான். இப்போது அதுவும் போயிற்று. மூன்றாவது இல்லை என்று ஆனால் எதெதெல்லாம் இல்லை என்று ஆகும், ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. முப்பதாவது ஸ்லைடில் எழில் தண்ணீர் குடித்தான், நன்றாகப் பேசுகிறான், தொடர்ந்து பேசினான்.

நாற்பத்தொன்று. நன்றி என்று பெரிதாகப் போட்டு, திம்மராயன் நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். ராவ் பென்சிலைக் கீழே வைத்தார். எல்லா இடத்தையும் விட்டுவிட்டு நேராக அங்கேதான் வந்தார், நல்ல மனுஷர், படித்துவிட்டு வருகிறவர். முந்தி வருகிற அளவு இருபத்துநாலு மணிக்குச் சில நிமிஷமே குறைவு, ஒரு நாளுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, உங்களுக்கு அது சந்தேகமாக இல்லையா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். ஒரு நாள், ஒரு மாசம், ஒரு வருஷம், இந்த மூன்றில் எது வந்தாலும் முதலில் உன்னைச் சந்தேகப்படு, அப்புறம் வானத்தை, என்று ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறவள் அவள்தான். எழில் சிரித்த முகமாக, நல்ல கேள்வி சார் என்று ஆரம்பித்தான். ஆய்வகத்துக் கடிகாரம் தினம் சாயங்காலம் ரேடியோ சமிக்ஞையோடு ஒத்துப்பார்க்கப்பட்டது, பதினாலு வருஷத்தில் ஒரு விநாடிக்குமேல் பிசகியதில்லை, இதைப் பேராசிரியர் லூர்து மேரி அப்போதே சரிபார்த்து எழுதியிருக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை அவளுடைய பதில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் இதே கேள்வியை ஒருவர் கேட்டபோது அவள் எழுதி அனுப்பியது. கடிகாரத்தைச் சோதித்தாள். மனுஷனைக் கேட்கவில்லை. எழில் அதோடு விடவில்லை, அந்த நோட்டை எழுதியவர் இன்றைக்கு நம்மோடு இருக்கிறார் என்று கையை நீட்டினான், அரங்கம் கை தட்டியது, திம்மராயன் எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டார், கண் கலங்கியிருந்தது, எழிலின் அம்மா அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ராவ் திருப்தியாகத் தலையாட்டினார். பின் வரிசையிலிருந்து ஜூனியர்கள் இரண்டு பேர், முதலிலேயே சொல்லி வைத்திருந்த கேள்விகளை ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். அதுவும் முடிந்தது. ராவ் அவள் பக்கம் திரும்பினார்.

எழுந்தாள். காகிதத்தையும் எடுத்துக்கொண்டுதான் எழுந்தாள். பொதுமக்களில் வேறு யாராவது கேள்வி கேட்க விரும்பினால் கேட்கலாம் என்று கைடு ஒரு தரம் சொல்ல வேண்டும், யாரும் கேட்க மாட்டார்கள், ஒரு மூச்சு நேரம் விட்டு அறிக்கையைப் படிக்க வேண்டும், அதுதான் முறை. சொன்னாள். மூச்சு நேரம் ஓடியது. எழிலின் அம்மா குனிந்து முதல் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள், கூடத்தில் நாற்காலிகள் நகர்ந்தன. பிளாட்பாரத்தில் அந்த மருதாணிக் கை டிக்கெட்டை நீட்டிக்கொண்டே இருந்தது. இவன் ஜெர்மனிக்குப் போவான், அங்கே சொந்தமாக மாணவர்கள் வருவார்கள், அவர்களிடமும் இல்லாததைத் தேடச் சொல்லிக் கொடுப்பான், அவர்களும் எழுதிக்கொள்வார்கள், பேனாவை எடுத்து. இன்றைக்கு இவனுக்கு எவ்வளவு கெடுதல் செய்கிறேனோ அதைவிடப் பெரிய கெடுதல் அது. அப்படித்தானா, இல்லை இதுவும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிற சமாதானமா? தெரியவில்லை. எனக்கு ஒரு கேள்வி இருக்கு என்று தமிழில் சொன்னாள். மைக்கில் அவள் குரல் யாருடையதோபோலக் கேட்டது. எழில் நிமிர்ந்தான். அவனைக் கேட்கவில்லை, முதல் வரிசையைப் பார்த்தாள், அன்றைக்கு முதல் தடவையாக.

"அண்ணா, ராத்திரி ஒரு மணிக்கு சிமிட்டிய எழுதுறப்ப, நோட்டுல எந்தத் தேதி போடுவீங்க?"

திம்மராயன் எழுந்து நின்றார். மேடையிலிருந்து தன்னை ஒரு கேள்வி கேட்டதில் அவருக்குப் பெருமையாக இருந்தது, வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னித் தேதிதாம்மா. விடியாம எப்படித் தேதி மாறும்?"

கூடம் சிரித்தது. நல்ல சிரிப்புத்தான், பெரியவரைப் பிடித்துப்போன சிரிப்பு, எழிலின் அப்பாகூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், திம்மராயனும் சேர்ந்து சிரித்தார். ராவுக்குத் தமிழ் தெரியாது, அவர் என்ன சொன்னார் என்று லூர்துவின் பக்கம் சாய்ந்து கேட்டார். எழிலும் முதலில் சிரித்தான். அப்புறம் அவன் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது, மெதுவாக இறங்கியது, அவள் கண்ணெதிரே அவன் கணக்குப் போடுவது தெரிந்தது, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே வரிசையாகப் போட்டான். நீங்க எழுதினதுல ஒரு தப்பும் இல்ல அண்ணா, நான்தான் இத்தனை வருஷமா கேக்கல என்று அவள் மைக்கில் சொன்னாள். திம்மராயனுக்குப் புரியவில்லை, இருந்தாலும் சரிம்மா என்று உட்கார்ந்தார். எழில் கையிலிருந்த பொத்தானை அழுத்தினான். நாற்பது, முப்பத்தொன்பது, ஸ்லைடுகள் பின்னால் ஓடின, அழுத்திக்கொண்டே போனான், சாய்வு, முறை, ஆறு வருஷம், எல்லாம் திரையில் ஒரு நொடி வந்து வந்து போயிற்று. ஆறாவதில் நிறுத்தினான். இரண்டு மேடு. சிரிப்பு எப்போதோ அடங்கியிருந்தது. பெட்டி திறந்திருந்தது, அவன் அம்மா யாரை முதலில் கூப்பிடுவது என்று தெரியாமல் மகனையே பார்த்தாள். அவன் திரையைவிட்டுத் திரும்பவில்லை. மைக் இல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

"மேடம், அந்த ஏழு ராத்திரி எடுத்துட்டோமே, மேகம்னு."

"மேகம் இல்லப்பா," என்றாள் லூர்து. "வானம் தெளிவாத்தான் இருந்துச்சு."